இரண்டு வாரத்துக்கு ஒரு கணக்கு

வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணினிக்குக் கொண்டுவர அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எழுதவைத்த மென்பொருள், சுமார் 17 கோடி டாலரை விழுங்கிவிட்டு 2005-இல் கைவிடப்பட்டது. மறு ஆண்டே ‘சென்டினல்’ என்ற பெயரில் புதிய திட்டம். ஒப்பந்தம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு. 2010 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தால், ஒதுக்கிய 45.1 கோடி டாலரில் 40.5 கோடி தீர்ந்திருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் வந்திருந்தன. மீதியை முடிக்க இன்னும் ஆறு ஆண்டு ஆகும் என்றது வெளியார் மதிப்பீடு. எஃப்.பி.ஐ. பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, மென்பொருளைச் சிறு துண்டுகளாக எழுதி அவ்வப்போது இயக்கிக் காட்டும் அஜைல் முறைக்கு மாறியது. ஒப்பந்த ஊழியர்கள் ஏறக்குறைய 220 பேர் இருந்த இடத்தில் 40 பேர் மிஞ்சினார்கள். 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

அஜைல் வந்ததும் எல்லோரும் வேகமாக வேலை செய்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாறியது வேகமல்ல, பிழை வெளியே தெரியவரும் நாள். பழைய முறையில் ‘எண்பது சதவீதம் முடிந்தது’ என்ற அறிக்கையை வைத்துக்கொண்டே ஓர் ஆண்டை ஓட்டிவிடலாம். யாரும் எதையும் இயக்கிக் காட்ட வேண்டியதில்லை. அஜைலில் ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றின் முடிவிலோ ஒரு துண்டாவது ஓடியாக வேண்டும். தவறான பாதையில் போனாலும் வீணாவது இரண்டு வார உழைப்புதான். ஆள் குறைந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 220 பேருக்குள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 24,090 வழிகள் உண்டு, 40 பேருக்குள் 780. தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் தாமதம்தான் கூடும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். அதைப் படித்தும் ஆள் கேட்பதை நிர்வாகிகள் விடவில்லை.

முதல் இரண்டு கட்டங்கள் போட்ட அடித்தளத்தில்தானே இந்த வெற்றி என்று கேட்கலாம். நியாயம்தான். அஜைல் குழுவும் சொன்ன தேதியில் முடிக்கவில்லை: 2011 செப்டம்பர் என்றது, பத்து மாதம் பிந்தியது. அந்த அக்டோபரில் பலரைக் கொண்டு சோதித்தபோது அமைப்பு முடங்கியது. கணினிகளின் திறன் போதவில்லை. அதாவது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காட்டிய துண்டுகளில் கூட்டத்தின் பாரம் சோதிக்கப்படவில்லை. சோதிக்காதது அஜைலிலும் ஒளிந்தே கிடக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு பிரிட்டனிலிருந்து வருகிறது. பல அரசு உதவித்தொகைகளை ஒன்றாக்கும் ‘யுனிவர்சல் கிரெடிட்’ திட்டமும் அஜைல் என்று சொல்லித்தான் தொடங்கியது. 2013-இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் அறிக்கை தந்தபோது 3.4 கோடி பவுண்டு மதிப்புள்ள கணினி வேலை கணக்கிலிருந்து தள்ளப்பட்டிருந்தது. ஒப்பந்தங்களும் மேற்பார்வை ஏற்பாடுகளும் பழைய முறைக்கு உரியவை. புதிய முறையை அவற்றோடு பொருத்தத் துறை திணறியது. இது என் வாதத்தை உடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துண்டைப் பார்த்ததும் திட்டத்தை மாற்றும் அதிகாரம் குழுவிடம் இல்லையென்றால், குழு தினமும் காலையில் நின்றபடி கூடும் ‘ஸ்டாண்ட்-அப்’ வெறும் வருகைப்பதிவு ஆகிவிடும். வேலையின் அளவைக் குழு மதிப்பிடும் ‘ஸ்டோரி பாயின்டை’ மேலதிகாரி மதிப்பெண்ணாக எண்ணத் தொடங்கினால், பாயின்டுதான் பெருகும், வேலை அங்கேயே நிற்கும்.

ஆனால் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதாத ஒப்பந்தத்தில் எந்த அரசு, எந்த வாடிக்கையாளர் கையெழுத்திடுவார்? அதை அடுத்த வாரம் பார்ப்போம்.