ரவுண்டானாவில் யாருக்கு வழி?

நமது திருச்சி மாநகரில் ரவுண்டானாக்களுக்குப் பஞ்சமே இல்லை. தலைமைத் தபால் நிலையம், நீதிமன்றம் அருகே எம்.ஜி.ஆர். சிலை, பாலக்கரை, மன்னார்புரம், சிந்தாமணி அண்ணா சிலை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சைக்கிளில் வந்தாலும் சரி, டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தாலும் சரி, நம்மில் பலர் இவற்றில் ஒன்றையாவது சுற்றித்தான் கல்லூரிக்கு வந்து சேர்கிறோம். ஆனால், "ரவுண்டானாவில் யாருக்கு முதல் வழி? எந்தப் பக்க இண்டிகேட்டர் போடணும்?" என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். பத்து விதமான பதில் வரும். எல்.எல்.ஆர். எடுக்கும் வயதில் இருக்கிறோம். ஆகவே இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம் நண்பர்களே!

வலம் வருதல்

ஸ்ரீரங்கத்தில் தைத்தேர் உத்திர வீதிகளையும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளையும் வலம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தேர் எந்தத் திசையில் சுற்றுகிறது? கோயில் தன் வலக்கைப் பக்கம் இருக்கும்படி, கடிகார முள் போல. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. எனவே ரவுண்டானாவிலும் நடுத்திட்டு நமக்கு வலக்கைப் பக்கம்தான் இருக்கும். சுருங்கச் சொன்னால், ரவுண்டானாவைப் பிரதட்சிணம் செய்கிறோம். "கொஞ்ச தூரம்தானே" என்று எதிர்ப்பக்கமாகப் புகுகிறவர் அப்பிரதட்சிணம் செய்கிறார். அதற்குப் பலன் கைமேல் கிடைக்கும்.

எதற்காகச் சுற்ற வேண்டும்? நேரே போனால் என்ன? இதற்குச் சிவில் பிரிவு நண்பர்கள் கணக்குச் சொல்வார்கள். நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. அதே இடத்தில் ஒற்றை வரிசை ரவுண்டானா அமைத்தால் அவை 8 ஆகக் குறைகின்றன. எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவதால் நேருக்கு நேர் மோதலுக்கு இடமே இல்லை. வளைவு இருப்பதால் வேகமும் தானாகக் குறையும்.

சுற்றில் இருப்பவருக்கே வழி

இதுதான் முக்கியமான விதி. ரவுண்டானாவுக்குள் நுழைகிறவர், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட வேண்டும். 2017இல் வெளியான மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதையே சொல்கின்றன. அதற்கு முன்பிருந்த 1989ஆம் ஆண்டு சாலை விதிகள், பிரதான சாலை என்று அறிவிக்கப்படாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விடு என்றன. யோசித்துப் பாருங்கள்: நாம் நுழையும்போது சுற்றில் வருகிற வண்டி நமக்கு எந்தப் பக்கமிருந்து வரும்? வலப்பக்கமிருந்துதான். ஆக, பழைய விதிப்படியும் சுற்றில் இருப்பவருக்கே வழி.

இங்கிலாந்தில் முதல் ரவுண்டானா 1909இல் லெட்ச்வொர்த் நகரில் அமைந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கே முன்னுரிமை விதி இல்லை. ஆளாளுக்கு உள்ளே புகுந்தார்கள். உள்ளே இருப்பவன் வெளியே போக முடியவில்லை, வெளியே இருப்பவன் உள்ளே வர முடியவில்லை! பிராங்க் பிளாக்மோர் என்ற போக்குவரத்துப் பொறியாளர் முயற்சியால், 1966இல் சுற்றில் இருப்பவருக்கு முன்னுரிமை என்ற விதி வந்தது. அதன் பிறகே அந்த முடிச்சு அவிழ்ந்தது.

பிரான்சில் கதை வேறு. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். அங்கும் "வலப்பக்கம் வருகிறவருக்கு வழி" என்பதே பொது விதி. ஆனால் அங்கே சுற்றில் இருப்பவருக்கு வலப்பக்கம் இருப்பவர், வெளியிலிருந்து நுழைகிறவர். ஆகவே நுழைகிறவருக்கே வழி! 1984 முதல் மற்ற ரவுண்டானாக்களுக்கு அதை மாற்றினார்கள். ஆனாலும் பாரிஸ் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள பெரிய வட்டத்தில் இன்றும் பழைய விதிதான். ஒரே வாக்கியம், திசை மாறினால் பொருளே மாறிவிடுகிறது பாருங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. விளக்கு எரிந்தாலோ, போக்குவரத்துக் காவலர் கை காட்டினாலோ அதுதான் முதல் சட்டம். மற்றதெல்லாம் அப்புறம்.

எந்த இண்டிகேட்டர்?

முதல் சாலையிலேயே இடப்பக்கம் வெளியேறுவதாக இருந்தால், வரும்போதே இடது இண்டிகேட்டர் போட வேண்டும். நேரே போவதாக இருந்தால் நுழையும்போது எதுவும் வேண்டாம். நமக்கு முந்திய வெளிவழியைத் தாண்டியதும் இடது போட வேண்டும். வலப்பக்கச் சாலைக்குப் போவதாக இருந்தாலோ, வந்த வழியே திரும்புவதாக இருந்தாலோ, வரும்போது வலது, வெளியேறும் முன் இடது. அதாவது எந்தச் சாலைக்குப் போனாலும் வெளியேறும்போது இடதுதான்.

இந்தக் கடைசி இடது இண்டிகேட்டரைத்தான் நம்ம ஊரில் யாரும் போடுவதில்லை. அது நமக்காகப் போடுவதல்ல. அடுத்த சாலையில் நுழையக் காத்திருப்பவருக்காகப் போடுவது. "நான் வெளியே போறேன், நீங்க வாங்க" என்று சொல்வது அது. போடாவிட்டால் அவர் வீணாக நிற்பார், அல்லது பொறுமை இழந்து குருட்டாம்போக்கில் நுழைவார்.

எவ்வளவு முன்னால் போடுவது? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் 5.5 மீட்டர். மூன்று நொடி முன்னால் என்றால் 16, 17 மீட்டர். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை விட்டு விட்டு எரிய வேண்டும் என்பது தரம். நடுவாக 90 என்று வைத்தால், மூன்று நொடியில் நான்கைந்து சிமிட்டல். பார்ப்பவருக்குப் புரிய அது போதும்.

கார்களில் ஸ்டியரிங் நேரானதும் இண்டிகேட்டர் தானே அணைந்துவிடும். பெரும்பாலான டூவீலர்களில் நாம்தான் அணைக்க வேண்டும். சிந்தாமணியில் போட்ட வலது இண்டிகேட்டர் பாலம் தாண்டி மாம்பழச்சாலை வரை எரிந்துகொண்டே போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! போடாத சிக்னலைவிட அணைக்காத சிக்னல் ஆபத்தானது. அது பொய் சொல்கிறது.

இன்னொரு பொய், நேரே போவதற்கு நான்கு விளக்கையும் சேர்த்துப் போடுவது. இடப்பக்கம் நிற்பவருக்கு இடது விளக்கு மட்டும் தெரியும். "இந்தப் பக்கம் திரும்புறார்" என்று நினைப்பார். வலப்பக்கம் நிற்பவர் நேர்மாறாக நினைப்பார். நான்கு விளக்கு, பழுதாகி நிற்கும் வண்டிக்கு உரியது.

நம்ம ஊர் பாஷை

புத்தகத்தில் இல்லாத சைகைகளும் நம் சாலையில் உண்டு. லைட் அடித்தால் "நான் வர்றேன், நில்லு" என்று பொருள். இங்கிலாந்தில் பலர் "நீங்க போங்க" என்பதற்கு அதையே செய்கிறார்கள். டூவீலரில் பின்னால் இருப்பவர் கையை நீட்டுவார். லாரி கிளீனர் பாடியைத் தட்டுவார். கண்டக்டர் விசிலுக்கு பஸ் அசையும்.

கை சைகையைக் கேலி செய்ய வேண்டாம். 1989ஆம் ஆண்டு விதிகளில் அது முறையாக எழுதப்பட்டிருந்தது. வலம் திரும்ப, வலக்கையை உள்ளங்கை முன்னோக்க நேராக நீட்ட வேண்டும். இடம் திரும்ப, அதே வலக்கையை நீட்டி இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கை கீழ்நோக்க மேலும் கீழும் அசைக்க வேண்டும். பல்பு ஃபியூஸ் ஆகும், பேட்டரி இறங்கும். கை என்றைக்கும் கூட இருக்கும்.

எங்கள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இந்தச் சைகைகள் அத்தனையும் அவருக்குத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இந்தக் கட்டுரைக்காக விதிகளைப் படித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, உள்ள இருக்கிறவனுக்குத்தான் வழின்னு எழுதியே வச்சிருக்கானா? இத்தனை வருஷமா மூக்கை முதல்ல நுழைக்கிறவனுக்கு வழின்னுல்ல ஓட்டிட்டு இருக்கோம்!" என்றார். பிறகு, "ஓட்டுறவனுக்கு எழுதினதை ஓட்டுறவன் படிக்க முடியலைன்னா யாருக்கும்மா எழுதினாங்க?" என்று கேட்டார். மத்திய அரசிதழில் அந்த விதிகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாயின. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த நாம் சொல்லிக் கொடுப்பதுதான் பதில் என்று இப்போது தோன்றுகிறது.

பஸ்ஸுக்கு இடப்பக்கம் வேண்டாம்

கடைசியாக, உயிர் காக்கும் ஒரு விஷயம். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. திரும்பும் பக்கமாக உள்ளே வெட்டி வரும். ரவுண்டானாவிலிருந்து பஸ் இடப்பக்கம் வெளியேறும்போது அதன் பின்சக்கரம் இடது ஓரத்தை நெருங்கும். அந்த இடைவெளியில் நம் சைக்கிளோ பைக்கோ இருந்தால், ஒரு பக்கம் பஸ், மறுபக்கம் நடைபாதைக் கல். டிரைவருக்கு நாம் தெரியவே மாட்டோம். முதல் மணி அடித்துவிட்டால் அட்டெண்டன்ஸ் போய்விடுமே என்று அந்தச் சந்தில் புகுவது நம் வயதுக்காரர்கள்தான். ஒரு பீரியட் போனால் அடுத்த பீரியட் உண்டு. பஸ்ஸை முன்னால் விட்டுப் பின்னால் போங்கள்.

வலப்பக்கம் பாருங்கள், சுற்றில் இருப்பவருக்கு வழி விடுங்கள், வெளியேறும்போது இடது போடுங்கள், போட்டதை அணையுங்கள். இந்த நான்கையும் இன்று மாலை வீட்டில் வண்டி ஓட்டுகிறவர் யாரோ, அவருக்கும் சொல்லுங்கள்.