கடல் பார்த்து வந்தேன். போர் போடுவதை விட்டேன்

உழவனுக்கு ஏது கோடை விடுமுறை என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாட்டுக்கு லீவு கிடையாது. பால் கறக்க ஆள் வேண்டும். ஆனாலும் 2025 மே மாதத்தில் மூன்று நாள் ஊரை விட்டுக் கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர். ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். உழவு பார்ப்பவன் நான் ஒருத்தன்தான்.

அடி அண்ணாமலையில் எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. கிரிவலப் பாதைக்கு மேற்கே உள்ளே தள்ளி, மலையைப் பார்த்தபடி இருக்கும் செம்மண் சரளை நிலம். ஒன்பது வருடமாக உப்பு உரம் போடுவதில்லை. மல்லாட்டை, கேழ்வரகு, தண்ணீர் இருக்கிற வருடத்தில் அரை ஏக்கர் கிச்சலிச் சம்பா. இரண்டு பசு மாடு. இதுதான் நம்ம பண்ணை.

அந்த ஏப்ரலில் என் போர் காற்று கக்க ஆரம்பித்தது. போர் வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தொள்ளாயிரம் அடி போனாத்தான் எதுனா கிடைக்கும்ணா" என்றார். மோட்டார், குழாய் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கிட்ட வரும். கையில் காசு இல்லை. பாதையோரம் இருக்கும் இருபது சென்ட்டைக் கேட்டு ஒரு மனை வியாபாரி நடையாய் நடந்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை முன்பணம் வாங்குவதாகப் பேச்சு. வீட்டில் இதைப் பேசிப் பேசி எனக்கும் என் மனைவிக்கும் தூக்கம் போயிருந்தது. வியாழக்கிழமை காலையில் நண்பர்கள் வண்டியோடு வந்து நின்றார்கள். "பாண்டிச்சேரிக்குப் போறோம், ஏறுடா" என்றார்கள். என் மனைவியும், "போயிட்டு வாங்க, மாட்டை நான் பாத்துக்கறேன். வந்து தெளிவா ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள்.

கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியெல்லாம் வெயில். ஒரு கேள்வி மட்டும் என் மண்டையைக் குடைந்துகொண்டே வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் ஃபெஞ்சல் புயல் அப்படிக் கொட்டியது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி எங்கள் மலையே சரிந்து வீட்டின்மேல் விழுந்து ஏழு உயிர் போனது. அவ்வளவு தண்ணீர் வந்தும் ஏப்ரலில் என் போர் ஏன் வற்ற வேண்டும்? அந்தத் தண்ணீர் எங்கே போனது?

கல் போட்ட கடற்கரை

முதல் நாள் சாயங்காலம் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடுவதில்லை; நிம்மதியாக நடக்கலாம். காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து சுண்டல் தின்றோம். கரை நெடுக கருங்கல் பாறைகளாகக் கொட்டிக் கிடந்தன. லாரி நண்பர்தான் முதலில் சொன்னார்: "கடல்ல ஏதுடா கருங்கல்? உள்ள எங்கியோ ஒரு மலையை ஒடச்சிக் கொண்ணாந்து கொட்டியிருக்காங்க."

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் விளக்கினார். இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காற்றில் கொஞ்சம் திரும்பி வரும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். சுவருக்குத் தெற்கே மணல் தேங்கியது. வடக்கே நகரத்தின் கரைக்கு மணல் வரத்து நின்று போனது. கடல் கரையைத் தின்றது. தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது. அடுத்த மீனவக் குப்பத்தைக் கடல் பிடித்தது. இப்படியே ஒவ்வொரு குப்பமாக வடக்கே நகர்ந்தது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் அங்கே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

பெரியவர் கடைசியாகச் சொன்னது எனக்காகவே சொன்னது போல இருந்தது. "மணலுன்றது கடல்ல வெளையறது இல்ல தம்பி. ஆறு கொண்ணாந்து குடுத்தாத்தான் கடலுக்கு. மேல நீங்க அணை கட்டி, மணலையும் அள்ளிட்டீங்கன்னா கடல் எதைத் தின்னும்? ஊரைத்தான் தின்னும்."

பாகூரில் எங்கள் ஊர்த் தண்ணீர்

மறுநாள் காலை தெற்கே பாகூர். வாத்தியாருக்கு மாமனார் வழிச் சொந்தம் ஒருவர் அங்கே நெல் பயிரிடுகிறார். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். ஏரிக்கரையில் நின்றுகொண்டு கேட்டேன், "இந்த ஏரிக்கு எங்கேயிருந்து தண்ணி வருதுங்க?" என்று. "சொர்ணாவூர் அணைக்கட்டுலேருந்து பங்காரு வாய்க்கால்ல வருது. தென்பெண்ணைத் தண்ணி. உங்க பக்கத்துலேருந்துதான் வருது தம்பி" என்றார்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஓடைகளில் மிஞ்சுவது துரிஞ்சலாற்றில் சேரும். துரிஞ்சலாறு தென்பெண்ணையில் சேரும். தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கும். புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் நம் வயல் வழியாக ஓடிய தண்ணீர் இன்னொரு உழவரின் மதகு வரைக்கும் வருகிறது என்பதை அந்தக் கரையில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

அவர் வீட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு இருந்தது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வெளியேறி, தென்பெண்ணை கரை புரண்டபோது வந்த தண்ணீர். "நடவு போச்சு, வைக்கோல் போச்சு, ரெண்டு கன்னுக்குட்டி போச்சு. மலையில பெய்யற மழை மொத்தமும் ஒரே நாள்ல இங்க வந்தா நாங்க என்ன செய்யறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. புயலன்று என் வயலில் வரப்பை வெட்டிவிட்டு, தண்ணீர் நிற்காமல் ஓடட்டும் என்று விட்டவன் நான். என் மேல்மண் குழம்பாய்ச் சிவந்து ஓடியதைத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து நிலத்துக்காரர்களும் அப்படியேதான் விட்டார்கள்.

தண்ணீர் எங்கே போனது என்று கேட்டேனே, இதோ இங்கேதான் வந்திருக்கிறது.

பிறகு அவர் கிணற்றைக் காட்டினார். தாத்தா காலத்தில் ஏற்றம் இறைத்தது. இப்போது ஆழ்துளைக் கிணறுதான். கடலோரத்தில் இருக்கும் அவருடைய மச்சான் வீட்டு போர் தண்ணீரில் காப்பி போட்டால் பால் திரிந்துவிடுகிறதாம். கடலோர மண்ணுக்கடியில் உப்பு நீரின்மேல் நன்னீர் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், அது கீழே சுமார் நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். நாம் உறிஞ்சி உறிஞ்சி அந்த ஓர் அடியை இறக்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். வாத்தியார் இதை விளக்கியபோது, "அப்ப ஆழமாப் போட்டவன் மொதல்ல மாட்டுவான்" என்றார் செல்போன் கடைக்காரர்.

எங்கள் ஊரில் உப்பு வராது. ஆனால் எங்களுக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. மணலைப் போலப் பாறை தண்ணீரைப் பிடித்து வைக்காது. வெடிப்பு இருந்தால் அதில் கொஞ்சம் இருக்கும். தொள்ளாயிரம் அடியில் வெடிப்பு தட்டுப்படும் என்று யாரும் உறுதி தர முடியாது. தட்டுப்பட்டாலும் மேலேயிருந்து மழை இறங்கினால்தான் அது மறுபடி ஊறும். போடாத பணத்தை எடுப்பதற்கு வங்கியில் இன்னும் ஆழமாகக் கை விடுகிற கதைதான்.

செம்மண் பள்ளத்தில் ஒரு காடு

மூன்றாம் நாள் வடக்கே ஆரோவில். 1968 பிப்ரவரியில் அது தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் பெரும்பாலும் மரமற்ற செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து கடல் சிவக்குமாம். முதலில் வந்தவர்கள் செய்த வேலை பள்ளங்களுக்குக் குறுக்கே தடுப்பணை, நிலத்தைச் சுற்றி வரப்பு, பிறகு மரம். இதைத்தான் வருடக்கணக்காகச் செய்தார்கள். முதலில் கத்தி சவுக்கு போலக் கிடைத்ததை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில் உள்ளூர் மரங்களைக் கொண்டுவந்தார்கள். அங்கே பெப்பிள் கார்டன் என்றொரு பண்ணை இருக்கிறது. 1994 முதல் பெர்னார்டும் தீபிகாவும், மண்ணே இல்லாத கூழாங்கல் நிலத்தில், வெளியிலிருந்து ஒரு வண்டி மண்ணோ எருவோ கொண்டுவராமல், அந்த நிலத்திலேயே விளைந்த தழையைக் கொண்டு மண்ணை உண்டாக்கி, நாட்டுக் காய்கறி விதைகளைக் காத்து வருகிறார்கள். என் சரளை நிலம் அதைவிட எவ்வளவோ மேல்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு கோயில்காடு. வெளியே அனல், உள்ளே நாலடி வைத்ததும் குளிர்ச்சி. அது தண்ணீர் பாய்ச்சி வளர்த்த காடில்லை, உரம் போட்ட காடில்லை. கடற்கரையின் பழைய காடு மிச்சம் இருப்பது இப்படிப்பட்ட சாமி இடங்களில்தான். சருகை ஒதுக்கி மண்ணை அள்ளினேன். கறுப்பாக, ஈரமாக இருந்தது. மே மாதத்தில்! வெளியே இருப்பதும் அதே ஊர், அதே மழைதான். உள்ளே சருகு மூடியிருக்கிறது, மரம் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பும் வழியில் மரக்காணம் உப்பளங்களையும் கழுவேலி ஏரியையும் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பெரிய சதுப்பு ஏரி. கோடையில் பெரும்பகுதி வற்றிக் கிடந்தது. ஓரத்தில் சில கொக்குகள். மழையில் அந்த வட்டாரத்து ஏரிகளின் உபரியெல்லாம் அங்கே வந்து சேர்ந்து, பிறகு கடலுக்குப் போகும். அவசரமே இல்லாமல் தண்ணீர் நின்று போகிற இடம். நின்று போவதால்தான் அத்தனை பறவையும் மீனும்.

திங்கட்கிழமை

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர். எங்கள் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் நூறு சென்டிமீட்டர் பெய்கிறது. அப்படியானால் என் இரண்டு ஏக்கரில் விழுவது எண்பது லட்சம் லிட்டர். இதை ஓடவிட்டுவிட்டுத்தான் தொள்ளாயிரம் அடிக்கு நிலத்தை விற்கப் போகிறேனா?

மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். அவள் கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த ஆளுக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். திங்கட்கிழமை முன்பணம் வாங்கவில்லை.

ஆடிக்குள் செய்த வேலைகள் இவை:

- நிலத்தின் தாழ்ந்த மூலையில் 40 அடி நீளம், 30 அடி அகலம், 6 அடி ஆழத்தில் பண்ணைக்குட்டை. சரிவு போக ஒன்றரை லட்சம் லிட்டர் பிடிக்கும். தோண்டிய மண் வரப்புக்கு ஆனது.
- சரிவுக்குக் குறுக்கே இரண்டடி உயர வரப்புகள். மேலே வெட்டிவேர், ஓரத்தில் பனங்கொட்டை.
- தண்ணீர் குட்டையில் இறங்கும் இடத்தில் ஒரு சின்ன வண்டல் குழி. ஓடிவரும் மேல்மண் அதில் தங்கும். வருடா வருடம் அள்ளி வயலில் போடலாம்.
- மல்லாட்டைக் கொடி, கேழ்வரகுத் தட்டை எதையும் கொளுத்துவதில்லை. மாடு தின்றது போக மூடாக்கு.
- மூன்று போக ஆசையை விட்டேன். நெல் மழைக் காலத்தில் மட்டும். கோடையில் பலதானியம் விதைத்து மடக்கி உழுவது.

பொக்லைன், ஆள் கூலி எல்லாம் சேர்த்து போர் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதற்கும் கடன்தான் வாங்கினேன். ஆனால் நிலம் கையில் இருக்கிறது.

போர் ரொம்பி வழிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆடியில் பெய்த இரண்டு மழைக்குக் குட்டை பாதி நின்றது. பத்து நாளில் மண் குடித்துவிட்டது. குடிக்கட்டும், அதற்குத்தானே வெட்டியது. மாட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் போர் தண்ணீர் காணுகிறது. ஒரு மழைக் காலத்தில் இது தீராது. ஆரோவில் காடும் ஒரு வருடத்தில் வரவில்லை.

என் ஒருத்தன் குட்டையால் பாகூர் வெள்ளம் நிற்காது என்பதும் தெரியும். எங்கள் ஓடையோரம் இருக்கும் எல்லாரும் ஒன்றரை லட்சம் லிட்டரை நிறுத்தினால் நிலைமை மாறும். இப்போது பக்கத்து நிலத்துக்காரர் இருவர் குட்டைக்கு அளந்து குச்சி நட்டிருக்கிறார்கள். பாகூர்ப் பெரியவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "பரவாயில்ல தம்பி, கொஞ்சம் நிறுத்தி நிதானமா அனுப்புங்க. எங்களுக்கும் வேணும்" என்று சிரித்தார்.

அடுத்த கோடையில் மறுபடியும் போகிறோம். இந்த முறை வீட்டுப் பெண்கள் போய்வரட்டும், மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் ஓடையின் கடைசி மடை எங்கே இருக்கிறது என்று ஒரு முறை போய்ப் பாருங்கள். போகும்போது கையில் ஒரு படி நாட்டு விதை கொண்டு போங்கள். அங்கேயும் ஓர் உழவர் இருப்பார்.