பழக்கம் என்னும் பூட்டு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் தன் எட்டு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். "ஃபாதர், வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தை பேசுறான். நாலு புத்தி சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன். பையன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வழியனுப்ப வாசல்வரை வந்தேன். அங்கே பையனின் தந்தை வண்டியில் சாய்ந்தபடி, கைபேசியில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எந்த வார்த்தைகளைச் சொல்ல அந்தத் தாய் கூசினாரோ, அவையே அங்கு தாராளமாக வந்து விழுந்தன. பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

புத்தி சொன்னால் நடத்தை மாறிவிடும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் கற்றது நடத்தையாக மாறும் வழியே வேறு. அதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுப் பட்டறையில் தொழில் பழகுகிறவர் புத்தகம் படித்துப் பழகுவதில்லை. மூத்தவர் அரம் பிடிப்பதைப் பார்க்கிறார், தானும் பிடிக்கிறார், தவறுகிறது, மறுபடியும் ராவுகிறார். காலப்போக்கில் கையே வேலையை அறிந்துகொள்கிறது. கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பு சொன்ன கருத்தும் இதுதான். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் கொத்தனார் ஆகிறார். நீதியானதைச் செய்து செய்துதான் நீதிமான் ஆகிறார். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதை ஏற்றுக்கொண்டு, இறைவன் தம் அருளால் நம்மில் பொழியும் நற்பண்புகளும் உண்டு என்று சேர்த்துச் சொன்னார்.

மெய்யியலாளர்கள் சிந்தித்ததைப் பிற்காலத்தில் அறிஞர்கள் சோதித்தும் பார்த்தார்கள். அவர்கள் கண்ட மூன்று வழிகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, சேர்ந்து வருவதால் கற்பது. ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்க்கு உணவு தருமுன் ஓர் ஒலியை எழுப்பினார். சில நாட்களில் ஒலி கேட்டாலே நாயின் வாயில் உமிழ்நீர் சுரந்தது. நம் வீடுகளிலும் இது நடக்கிறது. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் ஒரு வீட்டில் குழந்தை வாசலுக்கு ஓடி வருகிறது. இன்னொரு வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. சத்தம் ஒன்றுதான்; அதோடு சேர்ந்து வந்தது வேறு.

இரண்டாவது, பலனால் கற்பது. அமெரிக்காவின் தார்ண்டைக் பசித்த பூனையைத் தாழ்ப்பாள் போட்ட பெட்டியில் அடைத்து, வெளியே உணவு வைத்தார். பூனை பிறாண்டியது, முட்டியது. தற்செயலாகச் சரியான இடத்தைத் தொட்டபோது கதவு திறந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது வீண் முயற்சிகள் உதிர்ந்து, திறக்கும் செயல் நிலைத்தது. 1898-இல் இதை வெளியிட்டார். கடைத்தெருவில் புரண்டு அழும் பிள்ளைக்கு, வாயை அடைக்க மிட்டாய் வாங்கித் தருகிறோமே! அழுதால் கதவு திறக்கும் என்று அப்போது நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

மூன்றாவது, பார்த்துக் கற்பது. 1961-இல் ஆல்பர்ட் பண்டூரா குழுவினர் 72 சிறு குழந்தைகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு இது. சிலருக்கு முன்பாக ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடித்தார், உதைத்தார். வேறு சிலருக்கு முன்பாக அமைதியாக விளையாடினார். பின்னர் விளையாட விட்டபோது, அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் பலர் அதே அடியை, அதே சொற்களைத் திருப்பிச் செய்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. மிட்டாயும் கொடுக்கவில்லை.

நமக்கு அருகில், சின்னாளபட்டிப் பக்கம் இருக்கும் காந்திகிராமம் இந்த உண்மையை உணர்ந்த இடம். 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் அதைத் தொடங்கினார்கள். காந்தியடிகள் 1937-இல் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில்தான் படிப்பின் மையம். உழைப்பை மதிக்க வேண்டும் என்று நூறு முறை எழுதுகிற கையைவிட, நூல் நூற்ற கை அதை நன்றாக அறியும்.

அப்படியானால் நாமும் பெட்டிக்குள் அடைபட்ட பூனைதானா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று விட்டுவிடுவதா? புனித அகுஸ்தினாரைக் கேட்போம். தம் விருப்பமே பழக்கமாகி, பழக்கமே சங்கிலியாகித் தம்மைக் கட்டியதாக அவர் மனம் திறந்து எழுதியிருக்கிறார். எது நல்லது என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் முடியவில்லை. 386-ஆம் ஆண்டு மிலான் நகரில் அவர் மனம் திரும்பியதற்கு முன், வாழ்வை மாற்றிக்கொண்ட பிறரின் கதைகளைக் கேட்டார். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அந்தக் கேள்விக்குள் இறையருள் நுழைந்தது. அவரும் பார்த்தும் கேட்டும்தான் கற்றார்.

அடுத்த வாரம் அந்தத் தந்தையைத் தனியே சந்தித்தேன். தலைகுனிந்து, "எங்கப்பாவும் இப்படித்தான் பேசுவார், ஃபாதர்" என்றார். அவர் கையிலும் ஒரு பழைய சங்கிலி இருந்தது. "உங்க பையனோட பிள்ளைக்கும் இது போகணுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரம் ஒன்றே ஒன்றைச் செய்வோம். கோபத்தில் வார்த்தை தவறினால், அதே பிள்ளைகளுக்கு முன்பாக, "நான் பேசியது தப்பு" என்று சொல்வோம். நம் தவறைப் பார்த்துக் கற்ற பிள்ளை, நாம் திருந்துவதையும் பார்த்துக் கற்கட்டும். பூட்டு ஒரே நாளில் உருவாவதில்லை. சாவியையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ராவ வேண்டும்.

அதற்கான பொறுமையை இறைவன் நம் இல்லங்களுக்குத் தருவாராக. ஆமென்.