கோலியாத் எங்கே நிற்கிறான்?

ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் கவணும் ஐந்து கூழாங்கற்களும் எடுத்துக்கொண்டு, ஆறு முழமும் ஒரு சாணும் உயரமுள்ள போர்வீரனை எதிர்த்துப் போனான். பைபிளின் பழைய ஏற்பாட்டில், சாமுவேலின் முதல் நூல் 17ஆம் அதிகாரத்தில் வரும் கதை இது. கிறிஸ்துவர் அல்லாதவர்களும் அறிந்த கதைதான். சவுல் மன்னன் தன் கவசத்தையும் தலைச்சீராவையும் கொடுத்துப் பார்த்தான். அவற்றை அணிந்து பழக்கமில்லை என்று தாவீது கழற்றி வைத்துவிட்டான். ஒரே கல் கோலியாத்தின் நெற்றியில் பதிந்தது. விழுந்தவனின் வாளையே உருவி அவன் தலையை வெட்டினான் சிறுவன்.

இந்த ஒரு கதையை இத்தாலியச் சிற்பிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அவற்றில் உலகமே அறிந்தவை இரண்டு. ஒன்று, பிளோரன்ஸ் நகரில் மைக்கலாஞ்சலோ 1504ல் முடித்த தாவீது. மற்றொன்று, ரோம் நகரில் பெர்னினி 1623, 1624ஆம் ஆண்டுகளில் செதுக்கிய தாவீது. முன்னது மறுமலர்ச்சிக் காலம். பின்னது பரோக் காலம். இரண்டுமே பளிங்கு. இரண்டையும் செய்தவர்கள் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர்கள்.

மறுமலர்ச்சிக் காலச் சிற்பம் அமைதியானது, பரோக் சிற்பம் உணர்ச்சி கொப்பளிப்பது என்று கலை வரலாற்றுப் பாடத்தில் ஒரு வாய்பாடு உண்டு. தேர்வு எழுத அது போதும். சிலைகளைப் பார்க்க அது போதாது. இந்தச் சிலைகளின் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தாவீது இங்கே இருக்கிறான், சரி. கோலியாத் எங்கே?

காலடியில் கிடந்த தலை

மைக்கலாஞ்சலோவுக்கு முந்திய சிற்பிகளிடம் இதற்கு எளிதான பதில் இருந்தது. கோலியாத் தாவீதின் காலடியில் கிடக்கிறான். தலை மட்டும். பிளோரன்ஸ் சிற்பி டொனாட்டெல்லோ 1408, 1409ஆம் ஆண்டுகளில் செய்த பளிங்குத் தாவீது அப்படித்தான் நிற்கிறான். பல ஆண்டுகள் கழித்து அவரே வெண்கலத்தில் வார்த்த தாவீதும் அப்படித்தான். தலையில் தொப்பி, காலில் காலணி, உடலில் வேறொன்றும் இல்லை. கையில் வாள். ஒரு கால் வெட்டுண்ட தலையின்மேல். வெரோக்கியோ என்ற அடுத்த தலைமுறைச் சிற்பியின் வெண்கலத் தாவீதுக்கு உடை உண்டு, குறுவாள் உண்டு, காலடியில் அதே தலை.

மூன்றும் இன்று பிளோரன்சின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்றிலும் சண்டை முடிந்துவிட்டது. பார்ப்பவருக்குப் பயமே இல்லை. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கோப்பையுடன் நிற்கும் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போகலாம்.

பிளோரன்ஸ் ஏன் தாவீதை இப்படிக் கொண்டாடியது? அந்தக் காலத்து இத்தாலி ஒரு நாடு அல்ல. மிலான், வெனிஸ், நேப்பிள்ஸ், போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதி என்று பிரிந்து கிடந்தது. அவற்றின் நடுவே குடியரசு என்று சொல்லிக்கொண்ட பிளோரன்ஸ், பெரியவர்களை எதிர்த்து நிற்கும் சிறுவனாகத் தன்னைப் பார்த்தது. அதனால்தான் பேராலயத்துக்கென்று டொனாட்டெல்லோ செய்த பளிங்குத் தாவீதை 1416ல் அரசு மாளிகைக்கே கொண்டுபோனார்கள். நகரத்தைத் தன் பிடியில் வைத்திருந்த மெடிச்சி குடும்பம் வெண்கலத் தாவீதைத் தன் வீட்டு முற்றத்தில் நிறுத்தியது. 1494ல் மக்கள் மெடிச்சிகளைத் துரத்தினார்கள். அந்தச் சிலையையும் அரசு மாளிகைக்கு எடுத்துச் சென்றார்கள். யார் கையில் தாவீது இருக்கிறானோ அவர் பக்கமே நியாயம் என்று ஒரு கணக்கு!

வீணாய்க் கிடந்த கல்

மைக்கலாஞ்சலோவின் கையில் கிடைத்த கல்லுக்கும் ஒரு கதை உண்டு. கராரா மலையில் வெட்டிய அந்த நீண்ட பளிங்குப் பாளத்தில் 1464ல் அகோஸ்தினோ தி தூச்சோ என்ற சிற்பி வேலையைத் தொடங்கினார், பாதியில் விட்டார். பின்னர் அந்தோனியோ ரோசெல்லினோ என்பவரிடம் ஒப்படைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. அதன்பின் அந்தக் கல் பேராலயத்தின் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கால் நூற்றாண்டு கிடந்தது. ஊர் மக்கள் அதற்கு ‘ராட்சதன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உயரம் இருந்தது, கனம் போதவில்லை. முன்னவர் கொத்திய கொத்தும் அதில் இருந்தது. 1501 ஆகஸ்ட்டில் 26 வயது மைக்கலாஞ்சலோ அதை ஏற்றுக்கொண்டார்.

அந்தக் கல்லிலிருந்து 5.17 மீட்டர் உயரமுள்ள தாவீது வெளியே வந்தான். கோலியாத்தின் தலை காலடியில் இல்லை. வாளும் இல்லை. இடது கை தோளருகே கவணைப் பிடித்திருக்கிறது. கவண் முதுகின் வழியே இறங்கி வலது கைக்குப் போகிறது. முன்னாலிருந்து பார்ப்பவருக்கு ஆயுதமே சரியாகத் தெரியாது. கவண் என்றதும் ரப்பர் பட்டை கட்டிய உண்டிவில்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வார்க்கவண். கல்லை நடுவில் வைத்து, தலைக்கு மேல் சுழற்றி, ஒரு முனையை விட்டுவிட வேண்டும்.

சண்டை இன்னும் தொடங்கவில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தாவீது தன் இடப்பக்கம் தொலைவில் எதையோ பார்க்கிறான். உடலின் பாரம் முழுதும் வலது காலில் இருக்கிறது. இடது கால் தளர்ந்திருக்கிறது. பழைய கிரேக்கச் சிற்பிகள் கண்டுபிடித்த நிலை அது. இதைப் பார்த்துத்தான் அமைதி என்று பாடநூல்கள் எழுதுகின்றன.

அமைதியா? முகத்தைப் பாருங்கள். புருவங்கள் நெரிந்திருக்கின்றன. தொங்கவிட்ட வலது கை உடலின் அளவுக்கு மிகப் பெரியது. அதன் புறங்கையில் நரம்புகள் புடைத்திருக்கின்றன. கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் இரத்தநாளமும் காறை எலும்புக்கு மேலே புடைத்துத் தெரிகிறது. ஓய்வாக நிற்கும் இளைஞனின் கழுத்தில் அது அப்படித் தெரியாது. இதயம் வேகமாகத் துடிக்கும் பரபரப்பில் தெரியலாம். அமெரிக்க மருத்துவர் ஒருவர் 2019ல் மருத்துவ இதழ் ஒன்றில் இதைச் சுட்டிக்காட்டினார். உடலில் இரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி நூல் எழுதியது 1628ல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு சிற்பி இதைக் கண்ணால் பார்த்து உளியால் எழுதியிருக்கிறார்!

ஆக, பயமும் துணிவும் இந்தச் சிலைக்குள் இருக்கின்றன. வெளியே வரவில்லை, அவ்வளவுதான். கோலியாத் தொலைவில், தாவீதின் பார்வை போகும் திசையில் எங்கோ நிற்கிறான். பார்ப்பவர் அந்தப் பக்கம் திரும்பினால் ஒன்றும் தெரியாது. தாவீதுக்கு மட்டும் தெரிகிறது.

அன்றைய பிளோரன்ஸ் மக்களுக்கு அந்தப் பார்வை புரிந்தது. சிலையை முதலில் பேராலயத்தின் மேல்பகுதியில் வைக்கத்தான் கேட்டிருந்தார்கள். முடிவில் எங்கே வைப்பது என்று 1504 ஜனவரி 25ஆம் தேதி ஒரு குழு கூடியது. லியோனார்டோ டா வின்சியும் ஓவியர் பொட்டிச்செல்லியும் அதில் இருந்தார்கள். பளிங்கு மழைக்குத் தாங்காது, கூரையுள்ள மண்டபத்தில் வைக்கலாம் என்றார் ஒருவர். லியோனார்டோ அதை ஆதரித்தார். பேராலயத்தின் அருகே என்றார் பொட்டிச்செல்லி. கடைசியில் அரசு மாளிகையின் வாசலே முடிவானது. மே மாதம் எண்ணெய் தடவிய மரக்கட்டைகளின்மேல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் நான்கு நாள் இழுத்தார்கள். முதல் இரவே யாரோ கல்லெறிந்தார்கள். காவல் போட வேண்டியதாயிற்று. 1527ல் மெடிச்சிகளுக்கு எதிரான கலவரத்தில் மாளிகை ஜன்னலிலிருந்து வீசிய பலகை விழுந்து தாவீதின் இடது கை உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தி, 1543ல் ஒட்டினார்கள்.

உதட்டைக் கடித்த தாவீது

அடுத்து ரோம். 120 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஐரோப்பாவில் கிறிஸ்துவ சமயம் இரண்டுபட்டுவிட்டது. மார்ட்டின் லூதரைப் பின்பற்றியவர்கள் திருச்சபையைவிட்டுப் பிரிந்தார்கள். படங்களும் சிலைகளும் எதற்கு என்று பலர் கேட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை டிரென்ட் நகரில் கூட்டிய பொதுச்சங்கம் 1563ல் அதற்குப் பதில் சொன்னது. படங்கள் வேண்டும், அவை மக்களுக்குக் கற்பிக்க வேண்டும், பக்தியைத் தூண்ட வேண்டும். தள்ளி நின்று ரசிக்கும் கலை போதவில்லை. பார்ப்பவரின் சட்டையைப் பிடித்து இழுக்கும் கலை தேவைப்பட்டது. பரோக் கலை வளர்ந்த மண் இது.

நேப்பிள்சில் 1598ல் பிறந்த ஜான் லொரென்சோ பெர்னினி, சிற்பியான தந்தையிடம் தொழில் கற்றவர். அவருடைய தாவீதைக் கேட்டது ஊரோ குடியரசோ அன்று. கார்டினல் ஷிப்பியோனே போர்கேசே தன் மாளிகைக்காகக் கேட்டார். அங்கே காக்க வேண்டிய சுதந்திரம் ஒன்றும் இல்லை. விருந்தினர்கள் வியக்க வேண்டும். இதனால் சிலையின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் வேறொரு வேலையை அது செய்ய வேண்டியிருந்தது.

இந்தத் தாவீதின் உயரம் 170 சென்டிமீட்டர். மைக்கலாஞ்சலோவின் தாவீது ஒரு வீட்டின் உயரம். இவன் நம் உயரம். வலது கால் முன்னே, இடது கால் பின்னே. இடுப்பிலிருந்து மேல்பகுதி ஒரு பக்கம் திருகி நிற்கிறது. கவண் இரண்டு கைகளுக்கிடையே விறைப்பாக இழுபட்டிருக்கிறது. அடுத்த நொடி கல் போய்விடும். புருவம் நெரிந்து, உதடுகள் உள்ளே மடிந்து பற்களில் கடிபட்டிருக்கின்றன. கனமான பொருளைத் தூக்கும் எந்த மனிதரின் முகத்திலும் பார்க்கக்கூடியதுதான் அது. அழகன் முகத்தில் இதைச் செதுக்க முந்திய சிற்பிகளுக்குத் துணிவு வந்ததில்லை.

அந்த முகம் பெர்னினியின் சொந்த முகம். அவர் தன் முகத்தைப் பார்த்துச் செதுக்க, கார்டினல் மாஃபியோ பார்பெரினி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பெர்னினியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே பார்பெரினி 1623 ஆகஸ்ட்டில் எட்டாம் உர்பன் என்ற பெயருடன் போப்பாண்டவரானார். கதை கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் கண்ணாடியில்லாமல் அந்த முகம் வந்திருக்காது.

தரையில் சவுல் கொடுத்த கவசம் கிடக்கிறது. பக்கத்தில் யாழ் ஒன்று. தாவீது பின்னாளில் பாடல்களின் அரசன் அல்லவா? யாழின் முனையில் கழுகுத் தலை. அது போர்கேசே குடும்பத்தின் சின்னம். காசு கொடுத்தவருக்கு ஒரு வணக்கம்!

அந்தக் கவசத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பளிங்கு மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும்; இழுவிசையைத் தாங்காது. வெண்கலம் அப்படியல்ல. அதனால் டொனாட்டெல்லோவால் மெல்லிய கால்களை வார்க்க முடிந்தது. பளிங்கில் அப்படி நிறுத்தினால் கணுக்கால் முறியும். மைக்கலாஞ்சலோ வலது காலின் பின்னால் ஒரு மரத்தண்டை வைத்தார். அதையும் மீறி அந்தச் சிலையின் கணுக்கால் பகுதியில் நுண்ணிய விரிசல்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெர்னினியின் தாவீதோ நேராக நிற்கக்கூட இல்லை; பாய்கிறான். முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். அவர் அந்த முட்டைக் கதையிலிருந்தே எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று தாவீது கழற்றிப் போட்ட கவசம்தான் இங்கே அவனைத் தாங்குகிறது. மைக்கலாஞ்சலோவின் மரத்தண்டுக்குக் கதையில் வேலையில்லை. இந்த ஒரு விஷயத்தில் பெர்னினியே கெட்டிக்காரர் எனலாம்.

சரி, இங்கே கோலியாத் எங்கே? சிலையைச் சுற்றி நடந்தால் தெரியும். பக்கத்தில் நின்றால் ஒருவன் எட்டி வைக்கும் காலடி தெரிகிறது. முன்னால் வந்தால் அவன் கண்கள் பார்ப்பவரைத் தாண்டி, சற்று மேலே, பின்னால் பார்க்கின்றன. கோலியாத் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்! கல் வரும் வழியில் பார்ப்பவர் நிற்கிறார். அருங்காட்சியகத்துக்கு வந்தவர் தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிடத் தோன்றும் இடம் அது. பிளோரன்சின் தாவீதுக்குப் பார்வையாளர் தேவையில்லை. நள்ளிரவில் வெறும் சதுக்கத்திலும் அவன் அப்படியே நிற்பான். பெர்னினியின் தாவீது அறைக்குள் ஆள் நுழையும்போதுதான் முழுமையாகிறான்.

மைக்கலாஞ்சலோவின் சிலை 1873ல் அக்காடெமியா அருங்காட்சியகத்துக்குள் போனது. சதுக்கத்தில் 1910 முதல் நிற்பது நகல். பெர்னினியின் சிலை எந்த மாளிகைக்காகச் செதுக்கப்பட்டதோ அங்கேயே, இன்றைய போர்கேசே கலைக்கூடத்தில் இருக்கிறது. அதே கலைக்கூடத்தில் இன்னொரு தாவீதும் உண்டு. ஓவியர் கரவாஜியோ தன் வாழ்நாளின் இறுதியில், 1610ஐ ஒட்டி வரைந்தது. ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு, மரண தண்டனைக்குத் தப்பி ஓடிய நிலையில் இருந்தவர் அவர். அந்த ஓவியத்தில் இளம் தாவீது வெட்டிய தலையை முடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறான். கோலியாத்தின் அந்தத் தலையில் இருப்பது கரவாஜியோவின் சொந்த முகம்.