நீலம் ஏறும் வரை

"பயாப்ஸி எடுத்து மூணு நாளாச்சு, இன்னும் ரிப்போர்ட் வரலையே சார்?" சங்கத்துப் பொங்கல் விழாவில் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். அவருடைய அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. நான் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் சாயம் போட்டவன். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, 4, 5 மைக்ரான் கனத்தில் சீவிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். இதற்கே ஓரிரு நாள் ஆகிவிடும். அப்படிச் சீவியதில் நிறமே இருக்காது. புற்றுநோயா என்று சொல்ல டாக்டர் முக்கியமாகப் பார்ப்பது செல்லின் உட்கருவை. அதற்கு நிறம் தருவது ஹீமடாக்ஸிலின்.

மெக்ஸிகோவின் கம்பீச்சே பகுதி மரம் ஒன்றின் வைரக்கட்டையிலிருந்து வருவது இது. வேடிக்கை என்னவென்றால், தனியாக இதற்குச் சாயமேற்றும் சக்தி கிடையாது. ஆக்ஸிஜனேற்றம் அடைந்து ஹீமட்டீன் ஆக வேண்டும்; படிகாரமும் கூட வேண்டும். சோழமண்டலக் கரையில் சாயவேரால் துணிக்குச் சிவப்பேற்றியவர்கள் நம்பியதும் இந்தப் படிகாரத்தைத்தான். சாயத்தைப் பிடித்து நிறுத்துவது அது.

1886-இல் வந்த எர்லிக் முறையில், ஊறுகாய் ஜாடி போல, வாரக்கணக்கில் வெயிலில் வைத்துப் பழுக்க விட வேண்டும். நாங்கள் செய்தது 1900-இல் வந்த ஹாரிஸ் முறை. இரண்டரை கிராம் ஹீமடாக்ஸிலினை 25 மில்லி ஆல்கஹாலில் கரைத்து, 500 மில்லி காய்ச்சி வடித்த நீரில் சூடாகக் கரைத்த 50 கிராம் படிகாரத்துடன் சேர்த்துக் கொதிக்க விடுவோம். இறக்கி, பாதரச ஆக்ஸைடு போடுவது பழைய வழக்கம். அது விஷம், அரை கிராம் சோடியம் அயோடேட் போதும். கருத்த ஊதாவானதும் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சட்டென்று ஆற்ற வேண்டும். பிறகு 20 மில்லி அசிட்டிக் அமிலம். உபயோகிக்குமுன் வடிகட்டல்.

மெழுகை நீக்கிய சீவலைச் சாயத்தில் ஐந்து பத்து நிமிடம் வைத்துக் கழுவி, அமிலம் கலந்த ஆல்கஹாலில் சில நொடி முக்கினால் அதிகப்படிச் சாயம் போய்விடும். அப்போது உட்கரு செம்மையாகவே இருக்கும். குழாய்த் தண்ணீரில் விட்டால் நீலமாகும். தண்ணீரின் காரத்தன்மை செய்கிற வேலை. எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுத்ததில்லை. பின்பு இயோசின் போட்டால் மற்றதெல்லாம் ரோஜா நிறம்.

ஒரு முறை பழைய சாயத்தை நம்பிவிட்டேன். உட்கருக்கள் வெளிறிப்போய், டாக்டர் எல்லாக் கண்ணாடிகளையும் திருப்பி அனுப்பினார். ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்து, ரிப்போர்ட்டுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த குடும்பம் அன்று வண்டியை விட்டது. மறுநாள் முதல், காலையில் தம்ளர் குழாய்த் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பார்ப்பேன். உடனே நீல ஊதாவானால் நல்ல சாயம். சிவந்தே நின்றால் கொட்டிவிடுவேன்.

அன்பரின் அம்மாவுக்கு வியாழனன்று ரிப்போர்ட் வந்தது. காசநோய்க் கட்டியாம், ஆறு மாத மருந்து. மாத்திரை பெரிதாக இருக்கிறதென்று இப்போது மகனிடம் தினமும் சண்டை போடுகிறாராம்.