இழுவை வீட்டின் சில்லும் பிறேக்கும்

மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடொன்று மேலைநாடுகளில் உண்டு. பிரித்தானியர் அதனைக் ‘கரவன்’ என்பர். வட அமெரிக்கர் ‘ட்ராவல் ட்ரெயிலர்’ என்பர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி முதலியன யாவும் அதனுள் அமைந்திருக்கும். ஆயினும், அதற்கெனத் தனி இயந்திரமில்லை, ஓட்டுநருமில்லை. ஆதலின், அதன் சில்லுகளில் நேரும் பிழையை முன்வண்டியில் இருப்பவர் எளிதில் உணரார். அப்பிழைகளை முன்கூட்டியே அறியும் வழிகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாசிரியருக்கும் இதற்கும் யாது தொடர்பு என வினவுவோர்க்கு, எமக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியையே விடையாகக் கூறுவோம்.

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் யாம் கனடா சென்றிருந்தபொழுது, எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் தம் குடும்பத்தினரோடு எம்மையும் அல்கொன்குவின் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டிலேயே வாங்கிய பழைய இழுவை வீடொன்று எம் பின்னே வந்தது. ரொறன்ரோவிலிருந்து 400ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே சென்று, பரி நகரில் தேநீருக்காக நின்றோம். அவரோ தேநீரை நாடாது, நான்கு சில்லுகளின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிட்டுப் பார்த்தார். வலப்புறத்துப் பின்சில்லு மட்டும் தொடவொண்ணாச் சூடாயிருந்தது. ரயரின் வரிப்பள்ளங்கள் ஆழமாய்ப் புதியனபோலத் தோன்றவே, “ரயர் நன்றாகத்தானே இருக்கிறது, பிள்ளைகளும் களைத்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்த பின் பார்க்கலாமே” என்றோம். “இல்லை, சேர். இதைப் பார்க்காமல் ஓரடியும் நகரக்கூடாது” என்றார் அவர்.

முதலில் ரயரை நோக்குவோம். இழுவை வீடு ஆண்டின் பெரும்பகுதி அசையாது நிற்பது. ஆகவே, அதன் ரயர் தேய்ந்து அழிவதிலும் பார்க்க முதிர்ந்து அழிவதே மிகுதி. வெயிலும் காற்றும் இறப்பரை உலரச் செய்து, பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். ரயரின் வயதை அதன் பக்கத்திலே பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அறிவிக்கும். 2314 என இருப்பின், 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்தாறு ஆண்டு கடந்த ரயரை, தோற்றம் எவ்வாறிருப்பினும், ஐயுறுதல் வேண்டும்.

தேய்வின் வடிவமும் பிழையைக் காட்டும். நடுப்பகுதி மட்டும் தேயின் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேயின் காற்றுக் குறைவு, அல்லது சுமை மிகுதி. ஓரோரம் மட்டும் தேயின் அச்சு வளைந்திருத்தல் கூடும். ஓரிடத்திலே தட்டையாகத் தேய்ந்திருப்பின், பிறேக் இறுகிச் சில்லு சுழலாது இழுபட்டது என்க. இவற்றுள் காற்றுக் குறைவே மிகக் கொடியது. அமுக்கம் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகையாக வளைந்து நிமிரும். அவ்வளைவே வெப்பமாகி ரயரை வெடிக்கச் செய்யும். ஆதலால், புறப்படுமுன் ரயர் குளிர்ந்திருக்கும்பொழுதே அமுக்கத்தை அளத்தல் வேண்டும். ஓடிச் சூடேறிய பின் அமுக்கம் உயர்வது இயல்பு. அதனைக் கண்டு காற்றை வெளியேற்றுதல் பெருந்தவறு.

இனிப் பிறேக்கைக் கருதுவோம். ஒன்ராறியோ மாகாணத்தில் 1,360 கிலோகிராமுக்கு மேற்பட்ட மொத்த நிறையுடைய இழுவை வண்டிகளுக்குப் பிறேக் இருத்தல் வேண்டுமென்பது சட்டம். அங்கு பெரும்பாலானவை மின்சாரப் பிறேக்குகளே. முன்வண்டியின் மிதியை அழுத்தியதும், ஒவ்வொரு சில்லினுள்ளும் இருக்கும் மின்காந்தத்திற்கு மின் செல்லும். காந்தம் சுழலும் உருளையைப் பற்றி, அதனோடு சிறிது இழுபட்டு, ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் பிறேக் சூக்களை உருளையின் உட்புறத்தில் அழுத்த, உராய்வினால் வேகம் தணியும்.

ஒரு சில்லிலும் பிறேக் பிடிக்கவில்லையாயின், இணைப்புச் செருகியையும் வயரையும் முதலிற் சோதித்தல் வேண்டும். பொதுவான பிறேக் வயரிற் செல்லும் மின்னோட்டத்தை அளந்தால் பிழை துலங்கும். நடுத்தர அளவுள்ள பிறேக் ஒன்றின் காந்தம் ஏறக்குறைய 3 அம்பியர் கொள்ளும். நான்கு சில்லுள்ள வண்டியில் 12 இருக்கவேண்டிய இடத்து 9 மட்டும் காட்டினால், ஒரு காந்தம் இயங்கவில்லை என்று கொள்ளலாம். எல்லாச் சில்லுகளிலும் பிடிப்பு மெலிந்திருப்பின், சூக்கள் தேய்ந்திருத்தல், சீராக்கம் தளர்ந்திருத்தல், மின் திரும்பிச் செல்லும் இணைப்பு துருப்பிடித்திருத்தல் என்பவற்றுள் ஒன்று காரணமாகலாம். ஒருபக்கமாக இழுப்பின், எதிர்ப்பக்கத்துப் பிறேக் செயலற்றதோ, ஒரு பக்கத்துச் சூவிலே கிறீஸ் படிந்ததோ எனப் பார்த்தல் வேண்டும்.

ஒரு சில்லு மட்டும் சூடேறின், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகும்: பிறேக் விடுபடாது உரசுதல், அல்லது பெயாரிங் பழுதுபடுதல். சில்லை ஜக்கினால் உயர்த்திக் கையாற் சுழற்ற வேண்டும். சுழலாது இறுகின் பிறேக்கும், சுழன்றும் கரகரத்தால், அல்லது மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் ஆடினால், பெயாரிங்கும் குற்றமுடையன.

எம் மாணவர் உயர்த்திய சில்லு சுழன்றது, ஆனால் கரகரத்தது, ஆடியது. அழைக்கப்பட்டு வந்த திருத்துநர் அதனைக் கழற்றியபொழுது, உள்ளடைப்பு கிழிந்து கிறீஸ் வெளியேறியிருந்ததையும், பெயாரிங் நீலம்பாரித்திருந்ததையும், சூவெல்லாம் கிறீஸில் ஊறியிருந்ததையும் கண்டோம். இன்னும் சிறிது தூரம் சென்றிருப்பின் சில்லே கழன்றிருக்கலாம் என்றார் அவர். யாம் புகழ்ந்த ரயரின் இலக்கமும் 2314 ஆகவே இருந்தது. உட்பக்கச் சுவரில் வெடிப்புகள் ஓடியிருந்தன. அன்றிரவு பரியிலேயே தங்கினோம். மறுநாள் நான்கு ரயர்களும் மாற்றப்பட்டன. பிள்ளைகள் ஒரு நாட் பொழுதை இழந்தனர், வேறொன்றையும் இழந்திலர்.

வகுப்பறையில் அம்மாணவருக்கு, “சொல்லின் தோற்றத்தைக் கண்டு பொருள் கொள்ளாதே” எனப் பலகால் கூறியவர்கள் யாமே. நெடுஞ்சாலையோரத்தில் ரயரின் தோற்றத்தைக் கண்டு மயங்கியவர்களும் யாமே.

மாணவர்காள்! நம் ஊரில் இழுவை வீடுகள் இல்லையாயினும், உழவு இயந்திரப் பெட்டிகள் உள்ளன. அவற்றின் சில்லுகளும் முதிர்வன, பெயாரிங்குகளும் உலர்வன. நெல்மூட்டை ஏற்றுமுன் ஒருமுறை குனிந்து பார்ப்பதற்குச் செல்லும் பொழுது சிறிது; பாராது விடுவதால் வரும் கேடோ பெரிது.