பார்னி காலி செய்த வீடு

மலேசியாவின் ஜொகூர்க் குழந்தைகளுக்கு 2012 கொண்டாட்டமான ஆண்டு. செப்டம்பரில் லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பக்கத்திலேயே, புத்ரி ஹார்பரில், கூரைக்கடியில் இன்னொரு பூங்காவும் வந்துவிட்டது. அதில் ஒரு பகுதி ஹலோ கிட்டிக்கு. இன்னொன்று 'லிட்டில் பிக் கிளப்'. அமெரிக்க டைனோசர் பார்னி, சுவிஸ் பென்குயின் பிங்கு, இங்கிலாந்து ரயில் தாமஸ், கொத்து வேலைக்காரர் பாப் எல்லாரும் அங்கே ஒன்றாகக் குடியேறினார்கள். காரணம் எளிது. எல்லாருக்கும் முதலாளி ஒருவரே: ஹிட் என்டர்டெயின்மென்ட்.

அந்த நிறுவனத்தின் வேர் பொம்மலாட்டத்தில்தான் இருக்கிறது. 'மப்பெட்' பொம்மைகளைப் படைத்த ஜிம் ஹென்சனின் நிகழ்ச்சிகளை வெளிநாடுகளுக்கு விற்க, 1982இல் பீட்டர் ஓர்ட்டன் லண்டனில் தொடங்கிய கிளை அது. ஹென்சன் தன் கம்பெனியை டிஸ்னிக்கு விற்கப் பேச்சு நடத்திய 1989இல் ஓர்ட்டன் தனியே பிரிந்துவிட்டார். அடுத்தவர் சரக்கை விற்ற நிறுவனம் பிறகு சொந்தமாகவும் தயாரித்தது. கையில் காசு புரண்டதும் 2001இல் பார்னியையும் பிங்குவையும், அடுத்த ஆண்டே தாமஸையும் வாங்கிப் போட்டது.

சொந்தச் சரக்கில் பெரிய வெற்றி, 1999இல் வந்த பாப். உள்ளே உலோக எலும்புக்கூடு வைத்த சிறிய பொம்மை அது. முழங்கையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம், இன்னும் இம்மியளவு நகர்த்தி இன்னொரு படம். திரையில் ஒரு விநாடிக்குள் 25 படங்கள் ஓடிவிடும் என்பதால், நாள் முழுக்கக் குனிந்து நின்றாலும் ஒரு கலைஞருக்குச் சில விநாடிக் காட்சிதான் தேறும். அன்றைய தாமஸ் மாடல் ரயில். கண்ணை ரிமோட்டில் உருட்டுவார்கள், சிரிக்க வேண்டுமானால் முகத்தையே கழற்றி வேறு முகம் மாட்டுவார்கள். பார்னிக்கு ஆட ஓர் ஆள், பேச ஓர் ஆள். உடைக்குள் வேர்த்து ஆடுபவருக்கு பார்னியின் வாய்தான் ஜன்னல். ஒரே ஆள் பாவையை ஆட்டிக்கொண்டே பல குரலில் பேசும் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றலாம்!

இத்தனை கைவேலைக்குச் செலவு தாங்கவில்லை. 2010 வாக்கில் தாமஸும் பாபும் கணினி உருவங்களாகிவிட்டார்கள். பார்பி பொம்மை செய்யும் மேட்டல், 2012 பிப்ரவரியில் ஹிட்டையே 68 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. இந்தத் தொழிலில் பணம் படத்தில் இல்லை. புத்தகப்பையிலும் விளையாட்டுச் சாமானிலும் பூங்கா உரிமத்திலும்தான் இருக்கிறது. கடைக்காரர் கைக்குக் கம்பெனி போனதில் ஆச்சரியமில்லை.

ஜொகூரில் லிட்டில் பிக் கிளப் பிறகு 'தாமஸ் டவுன்' ஆனது. பார்னியும் பாபும் இடத்தைக் காலி செய்தார்கள். 2019 டிசம்பரோடு தாமஸும் ஹலோ கிட்டியும்கூடக் கடையைக் கட்டிவிட்டனர்.

வெளிநாட்டுப் பாத்திரங்கள் போனாலும் மலேசியாவுக்குச் சொந்தப் பாத்திரங்கள் உண்டு. 2005இல் தொடங்கிய மலேசிய நிறுவனம் லெஸ் கோப்பாக்கின் 'உப்பின் இப்பின்' தொடர் 2007இல் சின்னத்திரைக்கு வந்தது. அந்தத் தொடரில் வரும் கிராமத்தில் முத்து அங்கிள் கடை வைத்திருக்கிறார். ராஜு என்ற தமிழ்ப் பையன் 'சாப்பி' என்ற மாட்டோடு சுற்றுகிறான்.